கோடு போடாத நோட்டு

நமது பங்கு இல்லத்து அலமாரியின் மேல்தட்டில் திருமுழுக்குப் பதிவேடும், திருமணப் பதிவேடும், இறந்தோர் பதிவேடும் வரிசையாக நிற்கின்றன. கீழ்த்தட்டில், எவர் கண்ணிலும் எளிதில் படாதவாறு, கோடு போடாத நோட்டுகள் பத்தொன்பது அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்குப் பார்க்க வந்த குருவானவர் ஒருவர் அவற்றுள் ஒன்றை எடுத்துப் புரட்டினார். கோயில் வரவு செலவு என்று எண்ணினார் போலும். கருவாடு காயவைக்கும் மூதாட்டி, பேருந்து நிறுத்தத்தில் கோணிப்பையின்மேல் சாய்ந்து உறங்கும் மனிதர், தையற்காரரின் குனிந்த முதுகு, தேநீர்க்கடைப் பெஞ்சு என்று பக்கம் பக்கமாகப் படங்கள் இருக்கக் கண்டு, “இது எந்தக் கணக்கு?” என்று வினவினார். அவரிடம் சிரித்து மழுப்பிவிட்டோம். அவருக்குச் சொல்லாத விடையை வாசக அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். நாம் ஓவியர் அல்லோம். குருமடத்தில் மெய்யியல் கற்றோம், இறையியல் கற்றோம், ஓரளவு இசையும் கற்பிக்கப்பட்டது. கை பழகும் கலை எதுவும் அங்கே நம்மிடம் வந்து சேரவில்லை. இன்றும் நாம் வரையும் குதிரையைப் பார்த்து மறைக்கல்விப் பிள்ளைகள் கழுதை என்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இப்பழக்கம் தொடங்கியது 2008ஆம் ஆண்டில், கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலத்தில். ஒருநாள் மாலை பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. கையில் திருவிழா அழைப்பிதழ் ஒன்றும் சட்டைப்பையில் பால்பாயிண்ட் பேனா ஒன்றும் இருந்தன. பொழுது போகட்டும் என்று, அழைப்பிதழின் பின்புறத்தில் நம் கோயில்பிள்ளையின் முகத்தை நினைவிலிருந்து வரைய முற்பட்டோம். ஐந்தாண்டுகளாக நாள்தோறும் விடியற்காலையில் கோயில் மணி அடித்து நம்மை எழுப்பியவர் அவர். திரி ஏற்றுபவரும், திருவுடை எடுத்து வைப்பவரும், நாள்தோறும் நம் கையிலிருந்து நற்கருணை வாங்குபவரும் அவரே.

ஒரு வட்டம் போட்டோம். அதற்குமேல் கை ஓடவில்லை. அவருக்கு மீசை உண்டா, இல்லையா? தலைமயிர் முன்புறம் ஏறியிருக்கிறதா? காது பெரியதா? எதுவும் நமக்குத் தெரியவில்லை. அவரது குரல் தெரியும், நடையின் ஓசை தெரியும், அவர் தாமதமாக வந்த நாட்களும் நன்றாக நினைவில் இருந்தன. முகம் மட்டும் இல்லை. பேருந்து வந்தது. நாம் ஏறினோம். அழைப்பிதழில் அந்த வெறும் வட்டம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை அவரை முதன்முறையாகப் பார்த்தோம். மீசை இருந்தது, நரைத்த மீசை. அதைவிடப் பெரிய செய்தி, மணிக்கயிற்றைப் பற்றிய அவரது இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை என்பது. வாலிபத்தில் பனிக்கட்டி உடைக்கும் எந்திரத்தில் போனவையாம். ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு முறை அவருக்கு நற்கருணை வழங்கியிருப்போம். அவர் நாவில் வாங்குபவர். கைகளைக் குவித்துக்கொண்டு நிற்பவர். வலக்கைக்குள் இடக்கையை மறைத்துக் குவித்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். அன்று மாலையே கடைக்குச் சென்று கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினோம்.

நினைவை நம்பாதே என்பது புதிய அறிவுரை அன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டா வின்சி இதனை எழுதி வைத்திருக்கிறார். சிறு ஏடு ஒன்றை எப்போதும் உடன் கொண்டு செல்லுமாறும், தெருவில் மக்கள் பேசுவதையும் சினப்பதையும் சிரிப்பதையும் கைகலப்பதையும் சுருக்கமான கோடுகளில் குறித்துக்கொள்ளுமாறும் இளம் ஓவியர்களுக்கு அவர் கூறுகிறார். அவ்வேடு நிறைந்ததும் அதனை அழித்து எழுதலாகாது. பத்திரப்படுத்திவிட்டுப் புதியது எடுக்க வேண்டும். மனித உடலின் நிலைகள் எண்ணிறந்தவை, அவற்றையெல்லாம் நினைவு தாங்காது என்பது அவர் சொல்லும் காரணம். நமக்கோ ஒரே ஒரு கோயில்பிள்ளையின் முகத்தைக்கூட அது தாங்கவில்லை!

இந்த ஏட்டுப் பழக்கத்தினால் வாழ்வின் போக்கே மாறிய ஒருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். வின்சென்ட் வான் கோ என்னும் பெயரைக் கேட்டதும் சூரியகாந்தி மலர்களும், அறுந்த காதும், கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியங்களும் பலருக்கு நினைவுக்கு வரும். அவர் ஓவியர் ஆவதற்குமுன் நற்செய்திப் பணியாளராக இருந்தவர் என்பது நம்மிடையே அவ்வளவாகத் தெரியாது. ஹாலந்து நாட்டுச் சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரின் மகன் அவர். 1878ஆம் ஆண்டு டிசம்பரில், தமது இருபத்தைந்தாம் வயதில், பெல்ஜியத்தின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்றார். அடுத்த மாதம் முதல் ஆறு மாதங்களுக்கு, சோதனை முறையில், அவருக்குப் பணி நியமனம் கிடைத்தது.

அங்கே அவர் செய்தவற்றைக் கேட்டால் நம் போன்றோர் தலைகுனிய வேண்டியிருக்கும். இருந்த நல்ல உடைகளைக் கொடுத்துவிட்டார். வசதியான அறையை விட்டுக் குடிசையில் வைக்கோல்மேல் படுத்தார். ஏறத்தாழ 700 மீட்டர் ஆழமுள்ள சுரங்கம் ஒன்றினுள் இறங்கி, சுரங்கத் தொழிலாளர் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதைத் தம் கண்ணால் கண்டு வந்தார். 1879 ஏப்ரலில் அப்பகுதிச் சுரங்கம் ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோருக்குக் கட்டுப் போடுவதிலேயே அக்காலத்தில் அவரது நாட்கள் கழிந்தன. ஆறு மாதங்கள் முடிந்தன. நியமனம் நீட்டிக்கப்படவில்லை. நோயாளிகளிடம் அவர் காட்டிய பரிவை மேலிடத்தார் பாராட்டவே செய்தனர். ஆனால் பேச்சுத்திறன் இல்லை என்றனர். பிரசங்கம் செய்ய வரவில்லை! (இதனை எழுதும்போது நம் மறையுரைகளின்போது உறங்கும் அன்பர்கள் சிலரது முகங்கள் கண்முன் வருகின்றன. அவர்களும் நம் நோட்டில் இருக்கிறார்கள்.)

வேலை இழந்த வின்சென்ட் ஊர் திரும்பவில்லை. பக்கத்துக் கிராமத்தில் வறுமையோடு தங்கினார். முன்பே அவ்வப்போது கிறுக்கி வந்தவர், இப்போது சுரங்கத்துக்குச் செல்வோரையும் திரும்புவோரையும் விடாது வரையத் தொடங்கினார். பனி பெய்யும் விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் 1880இல் அவர் வரைந்த படம் எஞ்சியிருக்கிறது. உருவங்கள் விறைத்து நிற்கின்றன. கைகால் அளவுகள் சரியில்லை. ஆனால் அம்மனிதர்கள் எத்தனை களைத்தவர்கள் என்பது தெரிகிறது. அவ்வாண்டுதான் ஓவியமே தம் பணி என்று அவர் முடிவு செய்தார். மாண்டது 1890இல். இடைப்பட்ட பத்தே ஆண்டுகளில் அவர் செய்து முடித்தவற்றை உலகம் அறியும். சட்டைப்பையில் கொண்டு திரிந்த வரைவேடுகளுள் நான்கு இன்றும் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

1885இல் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியத்தில் ஐந்து பேர் ஒரு விளக்கின்கீழ் அமர்ந்து உண்கின்றனர். அதற்குமுன் ஒரு குளிர்காலம் முழுவதும் குடியானவர்களின் தலைகளையும் கைகளையும் பல பத்து முறை எழுதிப் பழகினார். தட்டை நோக்கி நீளும் கையே நிலத்தைத் தோண்டிய கை என்பது பார்ப்போருக்கு விளங்க வேண்டும் என்பது அவரது நோக்கம். அழகிய கைகளை அவர் தேடவில்லை. இதனைப் படித்தபோது நமக்கு மணிக்கயிறு நினைவுக்கு வந்தது.

அதே ஆண்டில் நடந்த மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன் அமர்ந்த பெண் ஒருத்தி கருவுற்றாள். ஊரார் வின்சென்டை ஐயுற்றனர். அவர் மறுத்தார். அவ்வூரின் கத்தோலிக்கப் பங்குக் குருவோ, எவரும் இனி அவருக்குமுன் படத்துக்கு அமரக்கூடாது என்று தம் மக்களைத் தடுத்துவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் வின்சென்ட் அவ்வூரைவிட்டே அகன்றார். அக்குரு ஓவியத்தின் அருமை அறியாதவர் என்று எளிதில் நகைத்துவிடலாம். முன்னர் நாமும் நகைத்தோம். ஒரு மனிதரை உற்றுப் பார்த்து வரைவது அவ்வளவு தீங்கற்ற செயல் அன்று என்பதை நாமே பட்டு அறிந்தபின் அவ்வாறு நகைப்பதில்லை. அதைச் சொல்வதற்குமுன், இப்பழக்கத்தைத் தொடங்க விரும்பும் குடும்பத்தாருக்குத் தேவையானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

கோடு போடாத சிறு நோட்டு ஒன்று, பென்சில் அல்லது சாதாரணப் பேனா ஒன்று, இவை போதும். ரப்பர் வேண்டாம். அழிக்க வழியிருந்தால் பிள்ளைகள் அழித்துக்கொண்டேதான் இருப்பார்கள்; தவறான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாளும் இடமும் எழுத வேண்டும். ஆடாது அசையாது இருப்போரிடம் தொடங்குவது நலம். உறங்குவோர், வரிசையில் காத்திருப்போர், செய்தித்தாள் படிக்கும் தாத்தா ஆகியோர் ஏற்றவர்கள். ஆடும் கோழியும் நம்மை மதிக்கமாட்டா.

முகம் வரைவோர் பெரும்பாலும் கண்களை நெற்றிக்கு மிக அருகில் வைத்துவிடுகின்றனர். கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள்: உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் கண்கள் இருப்பது தெரியும். நின்றிருக்கும் வளர்ந்த மனிதரின் உயரம் அவரது தலையைப்போல் ஏழு முதல் ஏழரை மடங்கு. சிறு குழந்தைக்கு நான்கு மடங்கே. நாள்தோறும் கண்ணாடி பார்க்கும் நமக்கு இது தெரியாதிருந்தது வியப்பே. கண் எங்கே இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. எங்கே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். கைப்பேசியில் படம் எடுப்பதைவிட இது எவ்வகையில் மேல் என்று இளைஞர்கள் கேட்கின்றனர். மேல் என்று நாம் சொல்லவில்லை. நம் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன. எடுத்த நொடியில் அவற்றை மறந்துவிட்டோம் என்பது மட்டுமே நாம் அறிந்தது. வரைவதற்கு ஐந்து நிமிடமாவது ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டிலுள்ளவரை ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்தது எப்போது என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

இனி நமது தவற்றுக்கு வருவோம். அதே கடலோரப் பங்கில், மூன்றாவது நோட்டு நடந்துகொண்டிருந்த காலம். மீன் சந்தையின் ஓரத்தில் அமர்ந்து, எதிரே மீன் விற்ற பெண்மணி ஒருவரை வரைந்தோம். வியாபாரம் ஓய்ந்த வேளை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வெறும் கூடையின்மேல் கையை ஊன்றி, அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக ஓடியது. அவ்வளவு நன்றாக நாம் அதற்கு முன்னும் வரைந்ததில்லை, பின்னும் வரைந்ததில்லை. தோளின் சரிவு, கால்விரல்களின் விரிவு, இரவிக்கையின் தோள்புறத்தில் இருந்த கிழிசல், எல்லாம் பொருந்தி வந்தன. பெருமை தாளவில்லை. எழுந்து சென்று அவரிடமே காட்டினோம்.

அவர் படத்தைப் பார்த்தார். சுற்றியிருந்தோரும் எட்டிப் பார்த்தனர், ஒருவர் சிரித்தார்.

“நான் இப்படியா சாமி இருக்கேன்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கிழிஞ்ச இடத்தையும் விடாம போட்டுட்டீங்களே. எம்புள்ளைங்க பாத்தா என்ன நினைக்கும்?” என்றார்.

என்ன சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். மடித்து, மடியில் செருகிக்கொண்டார். அதற்குப்பின் சில ஞாயிறுகள் அவர் கோயிலின் பின்வரிசைக்கு மாறிவிட்டார் என்பதையும் கண்டோம். மூன்று மாதம் நோட்டைத் தொடவில்லை.

அந்நாட்களில்தான் இங்கிலாந்து நாட்டுச் சிற்பி ஹென்றி மூர் பற்றிப் படிக்க நேர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் எட்டுப் பிள்ளைகளுள் ஏழாவதாக 1898இல் பிறந்தவர். 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் நகர்மீது குண்டுமழை பொழிந்துகொண்டிருந்தபோது, ஓர் இரவு சுரங்க இரயிலில் வீடு திரும்பினார். நிலையங்களின் நடைமேடைகளில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் போர்வை போர்த்தி வரிசை வரிசையாகப் படுத்திருந்த காட்சி அவரைப் பற்றிக்கொண்டது. அதற்குப்பின் பல இரவுகளில் அங்கே சென்றார். ஆனால் அங்கே நின்று அவர் வரையவில்லை. வீடிழந்து, கூரையின்றி, ஊரார் நடக்கும் இடத்தில் உடைமாற்றி உறங்குவோரை ஏடும் கையுமாக நின்று பார்ப்பது அவர்களது படுக்கையறையில் நுழைவது போன்றது என்று உணர்ந்தார். ஒதுக்குப்புறமாகச் சென்று காகித உறையின் பின்புறத்தில் இரண்டொரு சொற்களைக் குறித்துக்கொள்வார். மறுநாள் தம் இல்லத்தில், நினைவும் குறிப்புமாக, மெழுகுக் கட்டியாலும் நீர்வண்ணத்தாலும் பேனாவாலும் அவற்றை உருவாக்குவார். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது விலகும். அதனால் உறங்குவோரின் உடல்கள் இருளிலிருந்து வெளிப்படுவனபோல் தோன்றும். முகங்கள் தெளிவாகத் தெரியா. எவருடைய பிள்ளையும் அவற்றைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் முகத்தையும் கிழிசலையும் காட்டாமல் விடுவதே முறையா? அதுவும் எப்போதும் சரியன்று. 1943ஆம் ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என்று மதிப்பிடுவர். அவ்வாண்டு நவம்பரில் சித்தபிரசாத் என்னும் இளம் ஓவியர் மிதினாப்பூர் மாவட்டத்தின் கிராமங்களில் அலைந்து, கண்ட மனிதர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். எலும்பும் தோலுமான உடல்களை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். வரைந்தவர்களின் அருகே அமர்ந்து பேசினார்; அவர்களது பெயர், ஊர், நிலம் எவ்வாறு போயிற்று, பிள்ளைகள் எங்கே என்பவற்றையெல்லாம் எழுதிக்கொண்டார். ‘பசித்த வங்காளம்’ என்னும் பொருள்படும் பெயரில் அவை நூலாக வெளிவந்தபோது, ஆங்கில அரசு 5000 படிகளையும் கைப்பற்றி அழித்தது. ஓவியரின் குடும்பத்தார் காத்து வைத்த ஒரு படி மட்டும் தப்பியது. அதிலிருந்து 2011இல் மறுபதிப்பு வந்தது. பட்டினியைக் காட்டிய செய்திகளையே அடக்க முயன்ற அரசு, பெயரும் ஊரும் சேர்ந்த படங்களைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை.

மூரும் சித்தபிரசாத்தும் செய்தவை எதிரெதிரானவைபோல் தோன்றும். இருவருமே, எதிரே இருப்பவர் யார் என்று முதலில் எண்ணியவர்கள். நாமோ அன்று மீன் சந்தையில் தோளின் சரிவை மட்டுமே எண்ணினோம். அந்தப் பெண்மணியின் பெயரைக்கூட நாம் எழுதியிருக்கவில்லை. பங்கின் குடும்ப அட்டையில் அவர் பெயர் இருந்தது. அதே அலமாரியின் மேல்தட்டில் அவருடைய திருமணமும் பிள்ளைகளின் திருமுழுக்கும் பதிவாகியிருந்தன.

மீண்டும் வரையத் தொடங்கியபோது சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். முகம் தெரியும்படி வரைவதானால் முதலில் கேட்கிறோம். “எதுக்கு சாமி?” என்று கேட்போரிடம் உண்மையைச் சொல்கிறோம்: வரையாவிட்டால் மறந்துவிடுகிறோம் என்று. வேண்டாம் என்போரை விட்டுவிடுகிறோம். முடித்ததும் காட்டி, பெயரை அவர்களையே எழுதச் சொல்கிறோம். இதனால் படங்கள் மோசமாயின என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டவுடன் எல்லாரும் விறைத்துவிடுகின்றனர், தலைமயிரைக் கோதுகின்றனர், புகைப்பட நிலையத்தில் நிற்பதுபோல் கையைத் தொங்கவிடுகின்றனர். ஆனால் வரையும்போது பேசுகின்றனர். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், வெயிலில் உப்பின் வெண்மையைப் பார்த்துப் பார்த்துத் தம் கண்ணுக்கு நேர்ந்ததை நம்மிடம் சொன்னது அவ்வாறுதான். அடுத்த வாரம் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவரது படம் ஏழாவது நோட்டில் இருக்கிறது. மூக்கு சரியாக அமையவில்லை.

அந்தப் பங்கிலிருந்து மாற்றல் வந்தபோது, புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்த வேளையில் மீன் விற்கும் அந்தப் பெண்மணி பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். திருவிழாவுக்கு உடுத்தும் பட்டுச்சேலை, தலையில் பூ, உடன் மூத்த மகள்.

“இப்ப போடுங்க சாமி” என்றார்.

முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தார். கண்ணைச் சுருக்கவில்லை, எங்கோ பார்க்கவும் இல்லை, நம்மையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்குக் கை நடுங்கியது. வலப்பக்கத் தோள் உயர்ந்துவிட்டது, கழுத்து நீண்டுவிட்டது, பட்டுச்சேலையின் கரையோ பின்னிய பாய்போல் ஆயிற்று. அவர் வாங்கிப் பார்த்தார். மகளும் பார்த்தாள். “அம்மாதான்” என்றாள். அடியில் தம் பெயரைத் தாமே எழுதினார். எழுதி நெடுநாள் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப் போவதாகச் சொன்னார்.

போகும்போது, கேட்கலாகாது என்று எண்ணியும் கேட்டுவிட்டோம்: அன்று சந்தையில் கொடுத்த படம் என்னவாயிற்று?

“அதுவா சாமி? அன்னைக்கு ராத்திரியே அடுப்பில வச்சிட்டேன். விறகு ஈரமா இருந்துச்சு, நல்லா பத்திக்கிச்சு.”